காரியாலயக் குறிப்புகள்: சங்கத்துச் சர்வருக்கு ஒரு காவல்

சென்ற திங்கள் இப்பகுதியில், நூலகத்துப் புத்தகங்களைக் கறையானிடமிருந்து காக்கும் வகையைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர்கள் சிலர், "புத்தகக் கறையான் கிடக்கட்டும், கணினியில் புகுந்த கறையானுக்கு என்ன வழி செய்தீர்கள்?" என்று கேட்டிருக்கின்றனர். கேள்வி நியாயமானதே. 2024 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நம் சங்கத்துக் கணக்குகள் பூட்டப்பட்டுப் போன செய்தியை நாகபுரியிலுள்ள நம்மவர் அனைவரும் அறிவர். ஆனால் அவை எவ்வாறு பூட்டப்பட்டன, அதன் பின் காவலுக்கு எதனைத் தேர்ந்தெடுத்தோம், ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதை இதுவரை எழுத்தில் வைத்தோமில்லை. பொதுப் பணத்தைச் செலவிட்டவர் பொதுவில் கணக்குச் சொல்லுதல் வேண்டும். அன்றியும், மருந்துக் கடை, பயிற்சிப் பள்ளி, மளிகை மொத்த வியாபாரம் என்று தொழில் நடத்தும் நம் குடும்பங்கள் பலவற்றிலும் இத்தகைய சர்வர் ஒன்று மூலையில் ஓடிக் கொண்டிருக்கின்றது. அவர்களுக்கும் இது பயன்படக் கூடும்.

சர்வர் என்றதும் நம்மவர்க்குத் தோளில் துண்டும் கையில் சட்டினி வாளியுமாக வருபவரே நினைவுக்கு வருவார். "சர்வருக்குக் காவல் எதற்கு? அவர் பாவம் என்ன செய்தார்?" என்று பெரியவர் ஒருவர் செயற்குழுவில் கேட்டே விட்டார். பெயர்ப் பொருத்தம் தவறன்று. கேட்டவர்க்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பதே இரண்டிற்கும் தொழில். நம் அலுவலகத்தில் ஐந்து கணினிகள் உள்ளன. அவ்வைந்தும் கேட்கும் கோப்புகளை ஓரிடத்தில் வைத்திருந்து எடுத்துக் கொடுக்கும் ஆறாவது பெட்டியே சர்வர். வீட்டுக் கணினி கெட்டால் அவ்வீடு மட்டும் வருந்தும். சர்வர் கெட்டாலோ பந்தியில் அமர்ந்த அனைவர் இலையிலும் கல் விழுந்தது போலாகும்.

அப்பெட்டியில் நாம் வைத்திருந்தவை யாவை? உறுப்பினர் பதிவேடு, ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் வருகையும் கட்டணமும், நூலகப் பட்டியல், பொங்கல் மலரின் அச்சுப் படிகள், வரவு செலவு. இவற்றினும் மேலாக, அவசர உதவி நிதியின் ஏடு. புதிதாக மாற்றலாகி வந்த அன்பர்களுக்காக அந்நிதியைப் பற்றி ஒரு சொல். நள்ளிரவில் ஊரிலிருந்து தாயார் காலமானார் என்று செய்தி வரும். பயணத்திற்குக் கையில் பணம் இராது. இங்கேயே ஒருவர் இறந்து போவார். அவரை ஊருக்குக் கொண்டு செல்ல வேண்டியிருக்கும். அவ்வேளைகளில் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுத்து, பின்னர்ச் சிறுகச் சிறுகத் திரும்பப் பெறுவதே அந்நிதியின் நோக்கம். துக்க வீட்டில் படிவத்தை நீட்டுவது அழகன்று என்று கருதி, ரசீதும் கையெழுத்துமின்றி, கொடுத்த தொகையை நேரே சர்வரிலுள்ள ஏட்டில் பதிந்து வந்தோம். வாங்கியவர் பெயர் நால்வருக்கு மேல் தெரியலாகாது என்பது நம் நெடுநாள் வழக்கம்.

2024 ஆகஸ்டு 12, திங்கட்கிழமை. காலையில் அலுவலகத்தைத் திறந்த பணியாளர் அம்மாள் நமக்குத் தொலைபேசியில் சொன்னது, "சார், எல்லாப் பெயருக்கும் பின்னால் வால் முளைத்திருக்கிறது" என்பதே. பார்சல் அலுவலகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லி விட்டு ஓடினோம். உண்மையாகவே வால்தான். ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னும் பொருளற்ற எழுத்துக்கள் ஒட்டப்பட்டிருந்தன, எதுவும் திறக்கவில்லை. ஒவ்வோர் அடுக்கிலும் ஆங்கிலக் கடிதம் ஒன்று. உங்கள் கோப்புகளைப் பூட்டியுள்ளோம், திறவுகோல் வேண்டுமாயின் பிட்காயினில் பணம் செலுத்துக என்பது அதன் சாரம். இவ்வகை வைரஸை ரான்சம்வேர் என்பர். பிள்ளையைக் கடத்திப் பணம் கேட்பவனுக்கும் இவனுக்கும் வேற்றுமை அதிகமில்லை.

பணம் கொடுத்து விடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உதவி நிதி ஏட்டை நினைத்தே சொன்னார். கொடுப்பதில்லை என்று பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். கொடுத்தாலும் திறவுகோல் வரும் என்பதற்குப் பிணை இல்லை. ஒருமுறை கொடுத்தவன் வீட்டு முகவரி திருடர் கூட்டத்திற்குள் சுற்றும். சைபர் குற்றங்களுக்கான அரசு இணைய வாயிலில் புகார் பதிந்தோம். ஐரோப்பியக் காவல் துறையினர் 2016 இல் பிறருடன் கூடித் தொடங்கிய "நோ மோர் ரான்சம்" என்னும் தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசத் திறவுகோல்கள் கிடைக்கின்றன. நமக்கு வாய்த்த பூட்டுக்கு அங்கே இல்லை. ஆயினும் பூட்டிய கோப்புகளை அழிக்காமல் தனி டிஸ்க் ஒன்றில் எடுத்து வைத்திருக்கின்றோம். திருடர்கள் பிடிபட்ட பின்னர்த் திறவுகோல்கள் வெளிவந்ததும் உண்டு.

இனிக் குற்றம் யாருடையது என்பதற்கு வருவோம். கடைக்காரர் மேலும் விதியின் மேலும் போட்டு விட்டு எழுந்து விடலாம். ஆனால் பெரும் பகுதி நம்முடையதே.

பொருளாளர் ஐயாவிற்கு அவ்வாண்டு கோடையில் முழங்காலில் அறுவை நடந்தது. அஜ்னியிலுள்ள வீட்டிலிருந்தே அவர் கணக்குப் பார்க்கட்டும் என்று, ரிமோட் டெஸ்க்டாப் என்னும் வசதியை நாமே திறந்து விடச் சொன்னோம். வீட்டிலிருந்தபடி சர்வரின் திரையைப் பார்த்து இயக்கும் வழி அது. கடைப் பையன் பத்து நிமிடத்தில் செய்து கொடுத்தான். அதற்கு 3389 என்னும் எண்ணுள்ள வாயிலை இணையத்தை நோக்கித் திறந்து வைத்தல் வேண்டும். உலகெங்கும் இரவு பகலாக அவ்வெண்ணுள்ள வாயிலைத் தட்டிப் பார்த்துக் கொண்டிருக்கும் இயந்திரங்கள் உண்டு என்பது நமக்கு அப்போது தெரியாது. திறந்திருந்தால் கடவுச்சொற்களை ஆயிரக்கணக்கில் போட்டுப் பார்க்கும். நம் கடவுச்சொல்லோ சங்கத்தின் பெயரும் அது தொடங்கிய ஆண்டும். இரண்டும் வாசற் பலகையிலேயே எழுதப்பட்டுள்ளவை.

அடுத்தது, சர்வரின் இயங்கு தளம். நாம் வைத்திருந்தது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதற்குரிய திருத்தங்களை வழங்குவதை மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபர் 10 உடன் நிறுத்தி விட்டது. அதன் பின் பணம் கட்டி நீட்டித்துக் கொண்டவர்க்கே கிடைத்தது. திருத்தம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2017 ஐச் சொல்வர். அவ்வாண்டு மே 12 அன்று கிளம்பிய வான்னாகிரை என்னும் வைரஸ் 150 நாடுகளுக்கு மேல் பரவிற்று. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சு மாதத்திலேயே வெளிவந்திருந்தது. இரண்டு மாதம் சோம்பியிருந்தவர்களே பெரும்பாலும் அகப்பட்டனர்.

மூன்றாவது, நம் ஆன்டிவைரஸ். இருந்தது, ஆனால் உயிரில்லை. 2022 இல் ஓராண்டு உரிமம் வாங்கியிருந்தோம். அது முடியப் போகின்றது என்னும் அறிவிப்புகள் அனைத்தும் ஒழுங்காகவே மின்னஞ்சலில் சென்றிருக்கின்றன, நமக்கு முன் காரியதரிசியாக இருந்தவருக்கு. அவர் மாற்றலாகி பிலாஸ்பூர் போய்ச் சேர்ந்து ஓராண்டாகி விட்டது. திரை மூலையில் அதன் சின்னம் மட்டும் இருந்ததால், காவல் இருப்பதாகவே எண்ணிக் கொண்டிருந்தோம். அதற்கும் முன்னே வேறொரு தவறும் நடந்திருந்தது. கணக்கு மென்பொருள் மெதுவாக ஓடுகின்றது என்று பொருளாளர் குறைப்பட்டபோது, கணக்கு இருந்த டி டிரைவ் முழுவதையும் சோதிக்க வேண்டா என்று நாமே குறித்து வைத்தோம். கூர்க்காவை அமர்த்தி விட்டு, பண்டக சாலைப் பக்கம் மட்டும் போகாதே என்று சொல்லி வைத்ததற்கு இது சமம்.

இத்தனைக்கும் மேல் ஒன்று. காப்புப் பிரதி எடுக்கும் டிஸ்க் சர்வருடனேயே எந்நேரமும் இணைந்திருந்தது. சர்வரைப் பூட்டியவன் அதையும் பூட்டி விட்டுப் போனான்.

நம்மைக் காப்பாற்றியது ஒரு தகரப் பெட்டி. சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், ரயில்வேயில் கார்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் (அப்பதவியை 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்கின்றனர், அவரை அவ்வாறு அழைத்தால் திரும்பிப் பாரார்), ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் கணக்கு முழுவதையும் ஒரு பென் டிரைவில் வாங்கிப் போய்த் தம் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். நாங்கள் நகைத்ததுண்டு. 2024 மார்ச்சு 31 ஆம் நாள் வரைக்கும் உரிய பிரதி அதில் இருந்தது. ஜூன் முடிவில் அவர் பேரன் திருமணத்திற்குத் தஞ்சாவூர் சென்றிருந்தார். ஆகவே ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரையிலானவை போயின. வகுப்புக் கட்டணத்தையும் சந்தாவையும் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைக் கொண்டு மூன்று ஞாயிறுகளில் மீண்டும் எழுதினோம். உதவி நிதிக்குத்தான் அடிக்கட்டை இல்லை.

பெரிய இடங்களும் இதற்குத் தப்பவில்லை. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இவ்வாறே பூட்டப்பட்டன. ஏறத்தாழ இரண்டு வாரம் கையால் எழுதியே நோயாளிகளைப் பார்த்தனர். அங்கே எழுதக் கை பல இருந்தன. சிறு அலுவலகத்தில் எழுதுகின்றவரும் ஒருவரே, நினைவு வைத்திருப்பவரும் அவரே.

புதிய ஆன்டிவைரஸ் வாங்கும் பொறுப்பைக் குழுவினர் நம்மிடம் ஒப்படைத்தனர். நாம் மெட்ரிகுலேஷனோடு நின்றவர். பகலெல்லாம் பார்சல் வே பில் எழுதுவதே பிழைப்பு. ஆகையால் சீதாபுல்டிக் கடைத்தெருவிற்குச் சென்று கேட்டோம். "பாபுஜி, எல்லாம் ஒன்றுதான், இதற்குத் தள்ளுபடி அதிகம்" என்று கடைக்காரர் வண்ணப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். வாங்கி வந்து நிறுவப் போனால், இந்த இயங்கு தளத்தில் இயங்காது என்று சொல்லி அது நின்று விட்டது. வீட்டுக் கணினிக்கென்று விற்கப்படும் ஆன்டிவைரஸ் பெரும்பாலும் சர்வர் இயங்கு தளத்தில் ஏறாது. ஏறினாலும் அலுவலகத்தில் பயன்படுத்த அதன் உரிமம் இடம் தராது. சர்வருக்கென்று தனிப் பதிப்பு, அல்லது சர்வரையும் சேர்த்துக் கொள்ளும் சிறு அலுவலகத் தொகுப்பு என்று கேட்டு வாங்குதல் வேண்டும். கடைக்காரர் பெட்டியைத் திரும்ப எடுத்துக் கொள்ளவில்லை. அது இப்போது நம் வீட்டுக் கணினியில் இருக்கின்றது. விலையை நாமே ஏற்றோம் என்பதையும் இங்கே பதிந்து வைக்கின்றோம்.

பிறகு படிக்கத் தொடங்கினோம். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் ஏவி-கம்பேரடிவ்ஸ் என்று இரு சோதனைக் கூடங்கள் உள்ளன. இவை ஆன்டிவைரஸ்களை வரிசையாகச் சோதித்து முடிவுகளை யாரும் படிக்கும்படி வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட் காக்கும் திறன், கணினியை மெதுவாக்காத தன்மை, நல்லதைக் கெட்டதென்று தவறாகப் பிடிக்காத தன்மை என்னும் மூன்றிற்கும் தலைக்கு 6 ஆக 18 மதிப்பெண் வைத்திருக்கின்றது. வீட்டுப் பதிப்புக்கும் அலுவலகப் பதிப்புக்கும் சோதனைகள் வெவ்வேறு. விளம்பரத்தில் காட்டப்படும் பரிசு எதற்குரியது என்று பார்த்தல் வேண்டும். படித்து முடித்த பின் நமக்குத் தோன்றியது ஒன்று. முன்னணியில் உள்ள பலவற்றிற்கும் இடையே காக்கும் திறனில் உள்ள வேற்றுமை மிகச் சிறிது. ஆகவே நாம் அதைக் கொண்டு தேர்ந்தெடுக்கவில்லை.

குழுவில் மூன்று கட்சி உண்டாயிற்று. சென்னையில் 1991 இல் தோன்றிய கே7 ஐயே வாங்குவோம், நம் ஊர்ச் சரக்கு என்பது ஒரு கட்சி. புனேயின் குவிக் ஹீல் இருக்க, மராட்டிய மண்ணில் வாழ்ந்து கொண்டு வேறெதற்கு என்று அதற்கு உடனே மறுப்பு. ஊர்ப் பற்று நன்றே. ஆனால் திருடன் ஊர் பார்ப்பதில்லை.

இரண்டாவது, ஒன்றுமே வாங்க வேண்டா என்பது. அதில் நியாயம் உண்டு. விண்டோஸ் சர்வரில் 2016 பதிப்பு முதல் டிஃபெண்டர் என்னும் ஆன்டிவைரஸ் உள்ளேயே வருகின்றது. தனி விலை இல்லை. சோதனைகளிலும் நல்ல பெயர். நம் பழைய 2012 ஆர்2 இல் அது இல்லாததால்தான் தனியே வாங்கியிருந்தோம். இப்போது 2022 பதிப்பிற்கு மாறி விட்டோம்; இதற்கு 2031 அக்டோபர் வரை திருத்தங்கள் கிடைக்கும். மூன்றாவது கட்சி, மென்பொருள் துறையிலுள்ள நம் இளைஞர் ஒருவருடையது. சர்வரை லினக்ஸுக்கு மாற்றி, கிளாம்ஏவி என்னும் கட்டணமில்லா மென்பொருளைப் போடுவோம் என்றார். லினக்ஸ் கோப்புச் சர்வரில், அதன் வழியே செல்லும் விண்டோஸ் வைரஸ்களைப் பிடிக்க அது உதவும். ஆனால் நம் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கு எழுதப்பட்டது. அன்றியும் அத்தம்பிக்கு ஹைதராபாதில் வேலை கிடைத்தால் யார் பார்ப்பது? தம்பி பதில் சொல்லவில்லை, சிரித்தார். மறு மாதமே கிடைத்து விட்டது.

இந்தக் கேள்விதான் நம்மைத் தீர்மானத்திற்குக் கொண்டு வந்தது. நம் சர்வரின் முன் யாரும் அமர்ந்திருப்பதில்லை. டிஃபெண்டர் ஒரு கள்வனைப் பிடித்துத் திரையில் அறிவித்தால், அத்திரையை ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பவர் இல்லை. காரியதரிசிகள் மாற்றலாகிப் போகின்றவர்கள். ஆகவே நாம் கேட்டவை இவையே: ஆறு கணினிகளின் நிலையையும் ஓரிடத்தில் காட்டுமா? ஆபத்து நேர்ந்தால் இருவருக்கு மின்னஞ்சல் அனுப்புமா? நிர்வாகியின் கடவுச்சொல்லைத் திருடியவன் கூட அதனை நிறுத்தவோ நீக்கவோ முடியாதபடி தனிக் கடவுச்சொல் உண்டா? நம்மிடம் புகுந்தவன் முன்வாசல் வழியே நிர்வாகியாக வந்தவன் அல்லவா? உயிருள்ள ஆன்டிவைரஸ் அன்று இருந்திருந்தாலும் அவன் முதலில் அதை அணைத்து விட்டே வேலையைத் தொடங்கியிருப்பான். டிஃபெண்டரிலும் இவற்றைப் பெறலாம். ஆனால் பல கணினிகளை ஓரிடத்தில் பார்க்கும் வசதிக்குச் சந்தா கட்டுதல் வேண்டும். சந்தா கட்டுவதென்று ஆன பின், ஐந்து கணினிக்கும் சர்வருக்கும் சேர்ந்த சிறு அலுவலகத் தொகுப்பு ஒன்றை, நாகபுரியிலேயே வந்து பார்க்க ஆள் உள்ள நிறுவனத்திடம் வாங்கினோம். பெயரைச் சொன்னால் விளம்பரமாகும். அலுவலகத்திற்கு வந்து கேட்போர்க்குச் சொல்வோம். விலையில் 18 சதவீத ஜிஎஸ்டியையும், இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்பு விலையையும் முதலிலேயே எழுதி வாங்கிக் கொண்டோம். முதலாண்டில் குறைத்துக் காட்டி மறு ஆண்டில் ஏற்றுவது இவ்வியாபாரத்தில் வழக்கம். அறிவிப்புகள் தனி மனிதர் முகவரிக்கு வாராமல் சங்கத்தின் முகவரிக்கு வருகின்றன; புதுப்பிக்கும் நாள் சுவர்க் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டுள்ளது.

நிறுவும்போது ஒன்று கவனித்தோம். விண்டோஸ் 10, 11 உள்ள கணினிகளில் வேறோர் ஆன்டிவைரஸ் வந்தால் டிஃபெண்டர் தானே ஒதுங்கி நிற்கும். சர்வரில் அவ்வாறு ஒதுங்காது. நாமே அதனை நீக்குதல் வேண்டும். ஓர் உறையில் இரு வாள் போல் இரண்டும் ஒன்றையொன்று சோதித்துக் கொண்டு, சர்வர் கட்டை வண்டியாகி விடும். நமக்கு இரண்டு நாள் அப்படித்தான் ஓடிற்று.

வேலை செய்கின்றதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. ஐகார் சோதனைக் கோப்பு என்று 68 எழுத்துக்கள் கொண்ட ஒரு வரி. தீங்கு ஏதும் செய்யாது. ஆயினும் எல்லா ஆன்டிவைரஸ்களும் அதனை வைரஸ் என்றே பிடிக்கும்படி ஒப்புக் கொண்டிருக்கின்றன. அதனை டி டிரைவில் வைத்துப் பார்த்தோம். உடனே பிடித்தது, நமக்கும் பொருளாளருக்கும் மின்னஞ்சல் வந்தது. விளையாட்டு என்று முன்கூட்டிச் சொல்லாததால் பொருளாளர் ஊன்றுகோலோடு ஆட்டோ பிடித்து வந்து விட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக் கொண்டோம்.

டி டிரைவ் முழுவதையும் விலக்கி வைத்த தவறை மீண்டும் செய்யவில்லை. கணக்கு மென்பொருளைச் செய்தவர்கள் எந்தக் கோப்புகளை விலக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கின்றார்களோ அவற்றை மட்டும் விலக்கினோம். வேகம் குறைந்ததாக இதுவரை புகார் இல்லை.

ஆனால் மலர்க் குழுவிடமிருந்து புகார் வந்தது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ய அவர்கள் வைத்திருக்கும் தமிழ் விசைப்பலகை மென்பொருளை ஆன்டிவைரஸ் வேவுகாரன் என்று பிடித்து அடைத்து விட்டது. அதன் நியாயம் இது: தமிழில் எழுத உதவுவதற்கு அம்மென்பொருள் நாம் தட்டும் ஒவ்வொரு விசையையும் இடையில் நின்று கவனிக்க வேண்டும், கடவுச்சொல் திருடும் வேவு மென்பொருளும் அதையே செய்யும். அம்மென்பொருளின் புதிய பிரதியை அதைச் செய்தவரிடமிருந்தே பெற்று, பல ஆன்டிவைரஸ்களைக் கொண்டு சோதித்த பின்னரே அதற்கு விலக்கு அளித்தோம். மலர் பத்து நாள் தாமதமானதற்குக் காரணம் இதுவே, கவிஞர்கள் அல்லர்.

இன்னொரு வேடிக்கை. முழுச் சோதனையை இரவு இரண்டு மணிக்கு நடத்துமாறு குறித்து வைத்தோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஒருமுறை கூட நடக்கவில்லை. திருடன் இரவில் கம்பி வழியாக வந்தான் என்று கேள்விப்பட்ட நம் காவலாளி, அன்று முதல் இரவு எட்டு மணிக்கு மெயின் சுவிட்சையே அணைத்து விட்டுச் செல்கின்றார்! அவரைக் கடிந்து கொள்ள மனம் வரவில்லை. சோதனையை வெள்ளிக்கிழமை பிற்பகலுக்கு மாற்றினோம்.

ஆன்டிவைரஸே ஆபத்தாவதும் உண்டு என்பதை மறைக்கலாகாது. அது கணினியின் அடிமட்டத்தில் அமர்ந்திருப்பதால் அதன் புதுப்பித்தல் ஒன்று பிழைபட்டால் கணினியே விழுந்து விடும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் புதுப்பித்தல் விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிடித்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பித்தலால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தனர். ஆகவே ஆன்டிவைரஸின் புதிய பதிப்பை முதலில் ஒரு சாதாரணக் கணினியில் போட்டுச் சில நாள் பார்த்த பின்னரே சர்வரில் போடுகின்றோம். புதிய வைரஸ்களின் அடையாளக் குறிப்புகளை மட்டும் அன்றாடம் வாங்கிக் கொள்கின்றோம்.

செலவில்லாமல் செய்தவையே அதிகப் பயன் தந்தன என்று நமக்குத் தோன்றுகின்றது. 3389 வாயிலை மூடினோம். பொருளாளர் இப்போது விபிஎன் என்னும் தனிப் பாதை வழியாக, கைப்பேசியில் வரும் எண்ணையும் கொடுத்தே உள்ளே வருகின்றார். அச்சு இயந்திரத்தைச் சர்வரிலிருந்து கழற்றி வேறொரு கணினியில் மாட்டினோம். உறுப்பினர்கள் பென் டிரைவைக் கொண்டு வந்து சர்வரிலேயே செருகி ரயில் டிக்கெட் அச்சிட்டு வந்தது அதனோடு நின்றது. சிலருக்கு இதில் வருத்தம், பொறுத்தருள்க. உறுப்பினர்களின் ஆதார் நகல்களைத் தேவையின்றி வைத்திருந்தோம். அவற்றை அழித்து விட்டோம். இல்லாத பொருளை எவனும் திருட இயலாது. காப்புப் பிரதி இரண்டு டிஸ்குகளில் மாறி மாறி எடுக்கப்படுகின்றது. எடுத்து முடித்ததும் கழற்றி, ஒன்று அலுவலக இரும்புப் பீரோவிற்கும் மற்றொன்று அந்தக் கார்டு ஐயாவின் தகரப் பெட்டிக்கும் போகின்றன. மூன்று மாதத்திற்கு ஒருமுறை பிரதியிலிருந்து ஒரு கோப்பை மீட்டு, திறக்கின்றதா என்று பார்க்கின்றோம். இப்போது அவரை யாரும் நகைப்பதில்லை.

உதவி நிதி ஏட்டிற்கு வருவோம். 2024 ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரையில் அந்நிதிக்காக வங்கியிலிருந்து பதினான்கு முறை பணம் எடுக்கப்பட்டுள்ளது. யாருக்கு என்பது அழிந்து போயிற்று. நால்வரின் நினைவைக் கொண்டு எட்டினைக் குறித்தோம். மற்றவற்றைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. கேட்கும் வகையும் தெரியவில்லை. செப்டம்பரில் ஒரு மாலை, கணவரை இழந்த அம்மையார் ஒருவர் மகனோடு அலுவலகத்திற்கு வந்தார். "ஏடு போய் விட்டதாமே தம்பி. எங்கள் பெயரில் இருபத்தையாயிரம் இருந்தது. அதில் ஐயாயிரம் கொடுத்திருக்கிறோம். எழுதிக் கொள்ளுங்கள்" என்றார். எழுதிக் கொண்டோம். அவரைத் தொடர்ந்து மேலும் மூவர் தாமாகவே வந்தனர்.

இன்னும் இரண்டு தொகைகள் நிற்கின்றன; ஒன்று மே மாதத்தில், ஒன்று ஜூலையில். அவ்விரு குடும்பத்தாரும் பணத்தை இப்போது கொண்டு வர வேண்டுவதில்லை. முன்பே திருப்பிக் கொடுத்திருந்தாலும் அதைச் சொன்னால் போதும். அவர்களிடம் எவரும் மறுபடி கேட்டு விடாதபடி குறித்துக் கொள்வோம். நிதியைப் பார்க்கும் நால்வரில் எவரிடமேனும் தனியே சொல்லலாம். அல்லது ஞாயிறு வகுப்பு முடிந்த பின் ஆறு மணி வரை நாம் அலுவலகத்தில் இருப்போம். அவ்வேட்டை இனிக் காகித நோட்டிலும் எழுதி, பொருளாளர் வீட்டுப் பீரோவில் வைப்பதென்று குழு தீர்மானித்திருக்கின்றது.